எட்டு நாற்காலி காலி: ஆட்குறைப்புக்கு அப்புறம் ஆபீஸ் கசக்கிறது எனக்கு மட்டும்தானா?

சிறுசேரி_பஸ் | 12 செப்டம்பர் 2025, இரவு 11.40

ஒன்பது வருஷமா ஒரே கம்பெனி. பெயர் வேண்டாம். பேப்பர்ல வர்ற அளவுக்குப் பெருசும் இல்லை, சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல நாலு மாடி அவ்வளவுதான். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கிளையன்ட் ஒருத்தரோட கிளெய்ம் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கிற டீம் எங்களுது. பதினாலு பேர். ஜூலை கடைசி வாரம் ஒரே நாள்ல எட்டு பேரை அனுப்பிட்டாங்க. மிச்சம் இருக்கிற ஆறுல நான் ஒருத்தன்.

முன்னாடி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா எல்லாருக்கும் வயிறு கலங்கும்னு சொல்வாங்க. எனக்குக் கலங்கினதே இல்லை, சத்தியமா. நாலு மணிக்குப் பின் கேட்டுக்கு எதிர்ல வாழைக்காய் பஜ்ஜி. சாஃப்ட்வேர் ரிலீஸ் ராத்திரி ஆனா யாராவது ஒருத்தர் வீட்டிலிருந்து தயிர்சாதம் டப்பா டப்பாவா வரும். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம். பூசணிக்காய் உடைக்க செக்யூரிட்டி விடமாட்டார். அதனால எலுமிச்சம்பழம். அதையும் யார் நாற்காலி சக்கரத்துக்கு அடியில வைக்கிறதுன்னு வருஷா வருஷம் சண்டை.

எங்க மீட்டிங் ரூமுக்கெல்லாம் ஆத்துப் பேர். காவேரி, வைகை, பாலாறு. பாலாறுல ஏசி எப்பவும் ஓடாது, பேருக்கு ஏத்த ராசி. அன்னைக்கு எச்.ஆர். வந்து உட்கார்ந்தது காவேரியில. ஒவ்வொருத்தரா கூப்பிட்டாங்க. ஆளுக்குப் பத்து நிமிஷம். வெளியே வரும்போது லேப்டாப் கையில இல்லை, ஆக்செஸ் கார்டும் இல்லை. பையை மட்டும் எடுத்துக்கச் சொல்லி செக்யூரிட்டி கூடவே லிஃப்ட் வரைக்கும் போனார். பூசணிக்காய்க்கு வருஷா வருஷம் எங்ககிட்ட மல்லுக்கு நிப்பாரே, அதே செக்யூரிட்டி. இப்ப எங்க மாடியில 'வேலை போச்சு'ன்னு யாரும் சொல்றதில்லை. 'காவேரிக்குப் போயிட்டார்'னுதான் சொல்றோம். அந்த ரூமை இப்ப யாரும் புக் பண்றதும் இல்லை.

அடுத்த வாரம் எல்லாரையும் கூட்டி டவுன்ஹால் மீட்டிங். 'இனிமே நாம கச்சிதமான டீம்'னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமை பீட்சா வந்தது. பழைய எண்ணிக்கைக்கே ஆர்டர் போட்டுட்டாங்க போல, ஆறு பேருக்கு ஏழு டப்பா. யாரும் ஒரு துண்டுக்கு மேல தொடலை.

எட்டு பேர்ல ஒருத்தர் ஹார்லிக்ஸ் பாட்டில்ல மணி பிளான்ட் வச்சிருந்தார். அதுக்குத் தண்ணி நான்தான் ஊத்துறேன்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, இந்த ஒன்பது வருஷச் சந்தோஷம் நிஜமா, இல்லை என்னை ஏமாத்தி வேலை வாங்கினாங்களா? இன்னொண்ணு சின்னது. டீம் பஜ்ஜி, பூஜை, பிறந்தநாள் கேக் எல்லாத்துக்கும் மாசா மாசம் ஆளாளுக்கு ஒரே தொகை போட்டு வச்ச நிதி என் அக்கவுன்ட்ல 9,100 ரூபாய் கிடக்கு. ஆயுத பூஜை வருது. மிச்ச அஞ்சு பேரும் அதுல பூஜை போடலாம்ங்கிறாங்க. எனக்கு மனசு வரல.

கணக்கு_நேர் | இரவு 11.58

வருத்தமாத்தான் இருக்கு. ஆனா முதல் கேள்வியே தப்பு, நண்பரே. உங்க நேரத்தை வித்தீங்க, அவங்க வாங்கினாங்க. ஒண்ணாம் தேதி தவறாம காசு விழுந்துதா? விழுந்தது. பிறகு எங்கே ஏமாத்தினாங்க?

'இது நம்ம குடும்பம்'னு டவுன்ஹால்ல சொன்னதை நம்பினது உங்க தப்பு. எந்தக் குடும்பத்துல அப்ரைசல் போட்டு மார்க் கொடுக்கிறாங்க? இன்னொண்ணு. 2022-ல பெரிய கம்பெனிகள்லயே வருஷத்துக்கு நூத்துக்கு இருபது பேருக்கு மேல ராஜினாமா பேப்பர் போட்டுட்டுப் போனாங்க. முப்பது சதவீதம் அதிகம் கிடைச்சா போதும், குடும்பமாவது ஒண்ணாவது. அப்ப எந்த முதலாளியாவது இப்படி வந்து 'என் சந்தோஷம் நிஜமா'ன்னு எழுதினாரா? எழுதியிருந்தா நாம எல்லாரும் சேர்ந்து சிரிச்சிருப்போம்.

மில்காரர்_பையன் | 13 செப்டம்பர், காலை 6.20

கணக்கு நேர், உங்க கணக்குல ஒரு பக்கம்தானுங்க இருக்குது. நாம பேப்பர் போட்டா தொண்ணூறு நாள் நோட்டீஸ், இல்லாட்டி சம்பளத்தைக் கட்டு, ரிலீவிங் லெட்டர் தரமாட்டேம்பாங்க. அவங்க அனுப்பறதுன்னா பத்து நிமிஷம். ரெண்டும் ஒரே வியாபாரமா?

எங்கப்பா கோயமுத்தூர்ல ஒரு மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தார். ஆயுத பூஜைக்குத்தான் எங்களை மில்லுக்குள்ளயே விடுவாங்க. மிஷினுக்கெல்லாம் விபூதிப் பட்டை, ஃபிரேமுக்கு வாழைக்கன்னு, கை நெறைய பொரி. எங்கப்பா தன்னோட மிஷினைக் காட்டுறப்ப மொகத்தைப் பார்க்கணுமே! அது பொய்யுன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். மில்லு மூடினப்ப கேட்டுல நோட்டீஸ் ஒட்டினாங்க. எல்லாரும் ஒண்ணா நின்னு படிச்சாங்க, ஒண்ணாத்தான் திட்டினாங்க. உங்களுக்கு அந்த ஒண்ணா நிக்கிறதும் இல்லீங்க. ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டு முடிச்சிடறாங்க. வெளிய இருக்கிறவன் 'அப்பாடா, நம்ம பேர் இல்லை'ன்னு மானிட்டரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான். கசக்குதுன்னா அதுதாங்க கசக்குது, பீட்சா இல்ல.

பஜ்ஜி_ரசிகன் | காலை 8.05

விவாதத்துக்குச் சம்பந்தமில்லைதான். இருந்தாலும் அந்தப் பின் கேட்டுக் கடை எதுன்னு சொல்லுங்க.

கணக்கு_நேர் | காலை 9.12

மில்காரர் பையன், ஒண்ணா நின்னு படிச்சாங்க சரி. மில் திறந்துச்சா? 1974-ல நாட்டுடைமை ஆன என்டிசி (தேசிய ஜவுளிக் கழகம்) மில்லுங்களையே பாருங்க. உங்க கோயமுத்தூர் பங்கஜா, கம்போடியா எல்லாம் 2020 மார்ச்ல ஊரடங்குக்கு நிறுத்தினது, அப்புறம் பழைய மாதிரி ஓடவே இல்லை. அரசாங்கமே முதலாளி, சங்கமும் இருக்கு. என்ன ஆச்சு? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவும் அதே கதைதான். 2014 நவம்பர் 1-ஆம் தேதியோட உற்பத்தி நின்னுது. அங்கேயும் சங்கம் இருந்தது.

கிளையன்ட் அமெரிக்காவுல பட்ஜெட்டை வெட்டினா இங்கே பதினாலு பேருக்கு பில்லிங் எங்கிருந்து வரும்? புராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல உட்கார வச்சு மாசா மாசம் படியளக்க முதலாளி என்ன சத்திரமா நடத்துறார்?

மில்காரர்_பையன் | காலை 9.40

திறக்கலீங்க. ஆனா சம்பள பாக்கியும் கிராஜுவிட்டியும் வந்துச்சு. ஒம்பது வருசம் ஆச்சு. ஒண்ணா நிக்காம இருந்திருந்தா அதுவும் வந்திருக்காது. அந்தக் காசுலதான் எங்கக்கா கல்யாணம் நடந்துச்சு.

240_நாள் | காலை 10.30

மனசு விஷயத்துக்குள்ள நான் வரல. அந்த எட்டு பேருக்கு மூணு சங்கதி போய்ச் சேரணும், அதுக்காக எழுதறேன்.

காவேரியில என்ன கையெழுத்து வாங்கினாங்க? 'சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா'ன்னு வாங்கியிருந்தா அது ஆட்குறைப்பே இல்லைன்னு நாளைக்கு வாதாடுவாங்க. அதுக்குத்தான் அந்தப் பத்து நிமிஷ அவசரம். ஜூலையில இவங்களை எடுத்தப்ப அமல்ல இருந்த 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தோட 25எஃப் பிரிவுப்படி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்யணும்னா ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதுக்கான சம்பளம், கூடவே முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. 12 மாசத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா அது ஒரு வருஷக் கணக்கு. 'நீ சீனியர் அனலிஸ்ட், உனக்கு இது பொருந்தாது'ம்பாங்க. கார்டுல போட்ட பதவிப் பேர் முக்கியம் இல்லை. தினமும் என்ன வேலை செஞ்சீங்கங்கிறதுதான் கேள்வி. புரோகிராம் கோடு எழுதினவர் வேற, ஆளை மேய்ச்சவர் வேற.

ஐடிக்கு இந்தச் சட்டம் இல்லைன்னு பாதிப் பேர் இன்னும் நம்பிட்டிருக்காங்க. 2015 ஜனவரியில, கர்ப்பிணியா இருந்த ஒரு ஐடி ஊழியரை நீக்கறதுக்கு சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டத்திலிருந்து ஐடி கம்பெனிகளுக்கு விலக்கு கிடையாதுன்னு 2016-ல தமிழக அரசே தெளிவா சொல்லிடுச்சு. தனி ஆளாவே அதே 1947 சட்டத்தோட 2ஏ பிரிவுல சமரச அதிகாரிகிட்ட மனு கொடுக்கலாம். 45 நாள்ல முடிவு வரலைன்னா நேரா லேபர் கோர்ட். அந்தச் சட்டப்படி வேலை போன நாள்லேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் டைம்.

கிராஜுவிட்டி, ராஜினாமா பண்ணினாலும் உண்டு. அஞ்சு வருஷம் முழுசா ஆகலைன்னு விட்டுடாதீங்க. அஞ்சாவது வருஷத்துல 240 நாள் முடிச்சிருந்தாலே தகுதின்னு சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு.

கணக்கு_நேர் | காலை 10.51

240 நாள் சார் சொன்னதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நான் சொல்றதே அதைத்தான். ஒப்பந்தம், சட்டம், பணம். இதுல சந்தோஷம், மணி பிளான்ட் எல்லாம் எங்கே வருது?

டீம்லீட்_தான் | மதியம் 1.15

எல்லாரும் திட்டப்போற ஆள் வந்திருக்கேன், திட்டிக்குங்க.

வேற கம்பெனி, இதே கதை. எனக்கு ஒரு எக்செல் வந்தது. இருபத்திரண்டு பேர், பக்கத்துல சம்பளம், கடைசி ரெண்டு அப்ரைசல் மார்க். 'ஏழு பேரை மஞ்சளாக்கி சாயங்காலத்துக்குள்ள அனுப்பு.' காரணம் எழுத ஒரு கட்டம் கூட இல்லை. சம்பளம் அதிகமா இருக்கிறவரை மஞ்சளாக்கினா எண்ணிக்கை குறைவா முடியும்னு போன்ல ஒரு யோசனையும் சொன்னாங்க. அதாவது பத்து வருஷம் ஒழுங்கா உழைச்சு இன்கிரிமென்ட் வாங்கினதே அவங்க குத்தம்.

நான் மஞ்சளாக்கினேன். மறுத்திருந்தா வேற ஒருத்தர் ஆக்கியிருப்பார், முதல் பேரா என் பேரையும் சேர்த்து. இதைச் சொல்லித்தான் தூங்கறேன். கணக்கு நேர் சொல்ற மாதிரி வெறும் வியாபாரம்தான்னா, அந்த ஏழு பேர்ல ஒருத்தர் ஃபோன் பண்ணினா நான் ஏன் எடுக்க மாட்டேங்கறேன்?

மில்காரர்_பையன் | மதியம் 1.32

எடுங்க சார். திட்டினா வாங்கிக்கங்க.

பதினோராவது_ஆள் | மாலை 4.50

எங்க ஆபீஸ்ல அன்னைக்குக் கூப்பிட்ட வரிசையில நான் பதினோராவது. அதனால இந்தப் பேர். நாலு மாசம் ஆச்சு.

சிறுசேரி பஸ், கோபப்படாதீங்க, ஆனா உங்க பதிவைப் படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. உங்களுக்கு ஆபீஸ் கசக்குது. எனக்கு ஆபீஸே இல்லை. மேடவாக்கத்துல ஃபிளாட்டுக்கு மாசம் 38,000 ஈஎம்ஐ. மாமியாருக்கு இன்னும் சொல்லல. காலையில எட்டரைக்கு டிஃபன் பாக்ஸோட கிளம்பி, பையனை ஸ்கூல்ல விட்டுட்டு, லைப்ரரியில உட்கார்ந்து இன்டர்வியூ அட்டெண்ட் பண்றேன். 'ஏன் உங்களை எடுத்தாங்க?'ன்னு ஒவ்வொரு இன்டர்வியூவிலயும் கேட்கறாங்க. வேலையிலேர்ந்து எடுத்ததுக்கு நான் காரணம் கண்டுபிடிக்கணும்!

எங்க டீம்லயும் பன்னெண்டு பேர் மிச்சம். முதல் வாரம் எல்லாரும் மெசேஜ் போட்டாங்க, 'ஸ்டே ஸ்ட்ராங்'னு. ரெண்டாவது வாரம் மூணு பேர். இப்ப யாரும் இல்லை. எனக்கு கம்பெனி மேல பெருசா கோபம் இல்லைங்க, அது கம்பெனி. ஒண்ணா டப்பா பிரிச்சுச் சாப்பிட்டவங்க மேலதான். நீங்க செடிக்குத் தண்ணி ஊத்தறேன்னு எழுதியிருக்கீங்க. செடிக்காரருக்கு ஃபோன் பண்ணீங்களா?

சிறுசேரி_பஸ் | இரவு 10.15

பண்ணல.

மேடம், நீங்க கேட்டதுக்கு அப்புறம் மறைச்சு வச்சுக்கிட்டு எழுத முடியல. செடிக்காரர் எனக்கு அண்ணன் மாதிரி. வயசு 44. நான் சேர்ந்தப்ப கோடு செக்-இன் பண்றது எப்படின்னு காட்டினதே அவர்தான். ஜூன் கடைசியில மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, 'பிரீமியம் மாட்யூல் முழுக்க அவர்கிட்ட கேடி எடுத்துக்க, எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணி வை'ன்னார். கேடின்னா ஒருத்தர் வேலை விவரத்தையெல்லாம் இன்னொருத்தர் கத்துக்கிறது. காரணம் சொல்லல. லீவுல போறாரான்னு கேட்டேன். 'அதெல்லாம் உனக்கெதுக்கு'ன்னார். அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. புரியாத மாதிரி மூணு வாரம் அவர் பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். ஒரு வார்த்தை, 'அண்ணே, ரெஸ்யூமை ஒரு தடவை தட்டி வைங்க'ன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா அவர் மேனேஜர்கிட்ட கேட்பார், கேட்டா யார் சொன்னதுன்னு வரும். அந்தப் பயம்.

இப்பவும் பிரீமியம் மாட்யூல்ல சிக்கினா அந்த ரெக்கார்டிங்கைத்தான் போட்டுப் பார்க்கறேன். ஒரு ரெக்கார்டிங்ல பாதியில நிறுத்தி, 'டேய், தொண்டை காஞ்சு போச்சு, காபி குடிச்சிட்டு வரலாமா?'ன்னு கேட்கறார். அதுக்கப்புறம் ரெண்டு நாற்காலி நகர்ற சத்தம். அந்த இடம் வந்தா ஹெட்போனைக் கழட்டிடறேன்.

பஜ்ஜி கடையைக் கேட்ட நண்பருக்கு: தள்ளுவண்டிதாங்க, பேர் எதுவும் இல்லை. போன வாரம் கடைக்கார அக்கா 'என்ன சார், செட்டையே காணோம், வேற பில்டிங் போயிட்டாங்களா?'ன்னு கேட்டாங்க. ஆமாம்னுட்டேன்.

கணக்கு_நேர் | இரவு 10.44

சரி. நான் ஒரு விஷயத்தை வாபஸ் வாங்கறேன், ஒண்ணை மட்டும். சந்தோஷம் எங்கே வருதுன்னு கேட்டேனில்லையா, இங்கே வருது. ஆனா பாருங்க, இதுல கம்பெனி எங்கே இருக்கு? சொல்லாம விட்டது நீங்க. பஜ்ஜிக்குக் காசு போட்டதும் நீங்க. ரெண்டுமே பேலன்ஸ் ஷீட்ல கிடையாது.

மில்காரர்_பையன் | இரவு 10.52

இல்லாமயா போச்சு? 'ஊழியர் மகிழ்ச்சி'ன்னு வருசா வருசம் போட்டோ போடறாங்களே, அது யார் வச்ச சந்தனமுங்க? ஆளெடுக்கிறப்ப காட்டற போட்டோ பூரா இவங்க சொந்தக் காசுல போட்ட பூஜை. அது கம்பெனி கணக்குல வரவு. அண்ணன்கிட்ட சொல்ல விடாம வாயடைச்சுதே அந்தப் பயம், அது மட்டும் இவரோட சொந்தச் செலவா?

மெயின்பிரேம்_மாமா | 14 செப்டம்பர், காலை 7.30

தம்பிகளா, நான் 1998-ல ஒய்டுகே வேலைக்குன்னு, அதாவது 2000-ஆம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டரில் வரவிருந்த தேதிக் குழப்பத்தைச் சரிசெய்ய, எடுக்கப்பட்டவன். இரண்டாயிரத்துல டைடல் பார்க் திறந்தபோது அதைப் பார்க்கவே சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து வந்தார்கள். 2001-ல் பெஞ்சில் ஐந்து மாதம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தபோது எங்கள் மாடியில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள், மின்சாரச் சிக்கனம் என்று. இந்த ஜூலையில் டிசிஎஸ் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேர் என்று அறிவித்ததும் என் மகள் 'அப்பா, நீ பரவாயில்லையா?' என்று கேட்டாள். நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது!

ஒவ்வொரு தடவையும் மிச்சமிருப்பவர்கள் இதையே கேட்டார்கள், 'பழைய மாதிரி ஆகுமா?' என்று. எங்கள் டீம் ஆகவில்லை. இன்னொரு மாடியில் புதுப் பிள்ளைகள் வந்து வேறு ஏதோ கும்மாளம் போட்டார்கள், எங்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. 2001-ல் வெளியே போனவர்களில் நான்கு பேரோடு இன்னும் மாதம் ஒரு தடவை மயிலாப்பூரில் டிபன். அது கம்பெனி கொடுத்ததா, நாங்களாகத் தேடிக்கொண்டதா என்று நாங்கள் சர்ச்சை செய்ததே இல்லை. போண்டா ஆறிவிடும்.

செடிக்காரர் விஷயத்தில் தம்பி சாக்கு எதுவும் சொல்லாமல் ஃபோன் செய்யட்டும். மன்னிப்பு என்ற வார்த்தையை முதல் நிமிஷத்திலேயே எடுக்க வேண்டாம், அது அவர் தலையில் இன்னொரு பாரம். 240 நாள் எழுதியதைச் சொல்லுங்கள், அது அவருக்கு உபயோகம்.

பஜ்ஜி_ரசிகன் | காலை 8.10

அந்த 9,100 என்ன ஆச்சு? அதை எல்லாரும் மறந்துட்டீங்க.

கணக்கு_நேர் | காலை 8.25

இதுல விவாதமே கிடையாது. யார் போட்டாங்களோ அவங்களுக்கு. பதினாலு பங்கு, ஆளுக்கு 650. எட்டு பேருக்கு 5,200 போகணும். மிச்சம் 3,900-ல ஆறு பேரும் பூஜை போட்டுக்குங்க.

மில்காரர்_பையன் | காலை 8.41

வேண்டாமுங்க. வேலை போனவங்களுக்கு 650 ரூபாயை அனுப்பறது கணக்கை முடிச்சுட்டோம்னு சொல்ற மாதிரி. பதினாலு பேரையும் வெளியே ஒரு இடத்துக்குக் கூப்பிட்டு அங்க வச்சுச் செலவு பண்ணுங்க.

பதினோராவது_ஆள் | காலை 9.03

எங்க டீம் கூப்பிட்டா நான் போகமாட்டேன். உட்கார்ந்து புது புராஜெக்ட் கதை கேட்க எனக்குத் தெம்பு இல்லை. 650 வந்தா வாங்கிக்குவேன். எங்கள்ல யாருக்கு எது பிடிக்கும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, கேளுங்க.

சிறுசேரி_பஸ் | 16 செப்டம்பர், இரவு 9.35

மேடம் சொன்ன மாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். ரெண்டு பேர் ஃபோனே எடுக்கல, அவங்களுக்கு மெசேஜ் போட்டுட்டு அனுப்பினேன். எட்டு பேருக்கும் ஜிபேல 650 போச்சு. ஒருத்தர் 'இதையாவது கொடுத்தீங்களே'ன்னார். கேலியா நிஜமான்னு தெரியல, கேட்டுக்கவும் இல்லை. மூணு பேர் 2ஏ மனு பத்தி விவரம் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. அவங்க கையெழுத்துப் போட்டது ராஜினாமா லெட்டர்தானாம்.

அண்ணன்கிட்ட கடைசியாத்தான் பண்ணேன். இருபது நிமிஷம் பேசினார். கேடி விஷயத்தை நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள 'பிரீமியம் மாட்யூல்ல அந்த ஜூன் ரேட் டேபிளை மாத்தினியா, இல்லைன்னா குவார்ட்டர் எண்டுல அடிவாங்குவே'ன்னார். மாத்தல. நாளைக்கு முதல் வேலை அது. செடியைக் கொண்டுவந்து தரட்டுமான்னு கேட்டேன், வீட்டுல வைக்க இடமில்லைன்னார்.

ஃபோனை வச்ச கொஞ்ச நேரத்துல அவர்கிட்டேருந்து காசு திரும்பி வந்தது. 650 இல்லை, 651. குறிப்புல 'பொரி, கடலை'ன்னு போட்டிருந்தார்.